இரண்டாம் முறை தண்ணீரில் இறங்குமுன்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு என்று ஆரம்பித்தால் நீ அடுத்த பத்திக்குத் தாவிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். போன மாதம் நான் அழுதுகொண்டே பேசி அனுப்பியதைக்கூட அப்படித்தான் கேட்டிருக்கிறாய். “நீ சிரிக்கிறன்னு நெனச்சேம்மா” என்றாய். அதனால் எழுதுகிறேன் தம்பி. எழுத்தை உன்னால் வேகமாக ஓடவிட முடியாது. இதை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு சபைக்காரர்களும் படித்துக்கொள்ளட்டும். எப்படியும் நம் வீட்டு விஷயம் நமக்குத் தெரிவதற்கு முன்பே வேங்கிக்கால் முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “தண்ணியில ஒரு வாட்டி முங்கினா இன்னா, ரெண்டு வாட்டி முங்கினா இன்னாம்மா? முங்கிட்டு, தொடச்சிக்கினு வந்துடறேன். அவங்க அப்பாவுக்கும் சந்தோஷம், கல்யாணமும் முடிஞ்சிடும்.” ஜெமிமாவைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால் நீ அவர்கள் சபையில் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அவள் அப்பா சாமுவேல் அண்ணன் சொல்லிவிட்டார். நீ அப்படி எடுத்தால் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். நீ என்னவோ நீச்சல் குளத்துக்குப் போகிறவன் போலப் பேசுகிறாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்போது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

நீ பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் நம் சபை பிரிந்தது. உனக்கு ஆளாளுக்கு ஒரு துண்டாகச் சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான். வெளியூரிலிருந்து ஒரு தேவ ஊழியர் வந்து கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற நம் தகர ஷெட் சபையில் மூன்று நாள் கூட்டம் நடத்தினார். ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி முழுக்குவது சரியில்லை, ஆதிச் சபையில் இயேசுவின் நாமத்தில்தான் முழுக்கினார்கள், அதுதான் செல்லும் என்று பிரசங்கம் செய்தார். வசனம் காட்டினார். மறுநாள் நம் பாஸ்டர் வேறு வசனம் காட்டினார். இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கிறது, அதுதான் கஷ்டம். சாமுவேல் அண்ணன் ஒரு மாதம் உபவாசமும் ஜெபமுமாக இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, தான் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னார். அவரோடு சபையில் ஏறக்குறைய பாதிப் பேர் போனார்கள். இப்போது பைபாஸ் பக்கம் ஒரு டயர் கடை மாடியில் கூடுகிறார்கள், சாமுவேல் அண்ணன்தான் அங்கே சபை நடத்துகிறார், ஞானஸ்நானமும் கொடுக்கிறார். ட்ரம் அவர்களோடு போய்விட்டது, கீபோர்டு இங்கே நின்றுவிட்டது. அன்றிலிருந்து நம் பாட்டுக்குத் தாளம் இல்லை, அவர்கள் பாட்டுக்கு ராகம் இல்லை. இதைச் சொன்னால் உன் அப்பா முறைக்கிறார்.

மற்றபடி இரண்டு சபைக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. இங்கேயும் நகை போடக்கூடாது, அங்கேயும் போடக்கூடாது. இங்கேயும் தாலி கட்டுவதில்லை, அங்கேயும் இல்லை. அந்நிய பாஷை, கைதட்டல், வெள்ளைப் புடவை, முக்காடு எல்லாம் அதே. அங்கே இருக்கிற சகோதரிகள் இன்னும் என்னிடம்தான் ரவிக்கை தைக்க வருகிறார்கள். கை முட்டிக்குக் கீழே வரை இருக்க வேண்டும் என்பதில் இரண்டு சபைக்கும் ஒரே உபதேசம். என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அங்க எப்படி சிஸ்டர் இருக்கீங்க?” என்று ஏதோ கடல் கடந்து போனவளை விசாரிப்பது போலக் கேட்பார்கள். நடுவில் இருப்பது ஒரு சாலை.

உன் அப்பாவும் சாமுவேல் அண்ணனும் எப்படி இருந்தவர்கள் என்று உனக்குத் தெரியும். இவர் ரெவின்யூ ஆபீஸில் பியூன், அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேன். இருவரும் ஒரே சமயத்தில் இரட்சிக்கப்பட்டார்கள், ஒரே சமயத்தில் மூப்பர் ஆனார்கள். நீயும் ஜெமிமாவும் ஓய்வுநாள் பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள். பிரிவதற்கு முன்பே இரண்டு வீட்டிலும் பேசி முடித்த கல்யாணம் இது. சபை பிரிந்த பிறகு இருவரும் சாலையில் பார்த்தால் “ஸ்தோத்திரம்” சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எதிரிகளாகிவிட்டால்கூட இரண்டு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு தடவை பேசினார்கள். அந்தக் கூத்தை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். அடி அண்ணாமலையில் நம் பழைய விசுவாசி அம்மா ஒருவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அடக்கத்துக்கு இரண்டு சபையும் வந்தது. முடிந்து வெளியே வந்தால் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஜனம் எல்லாம் ஒரே பக்கமாக நடக்கிறது, எதிர்த்து நடக்க முடியாது. சரி, கூட்டத்தோடு நடந்தே வேங்கிக்காலுக்கு வந்துவிடலாம் என்று கிளம்பினோம். உன் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப் புத்தகம். பார்த்தால் பக்கத்தில் சாமுவேல் அண்ணன், அதே வேட்டி, அதே சட்டை, அதே புத்தகம். விலகிப் போக இடமில்லை. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, கொஞ்ச தூரத்தில் இருவரும் சத்தமாக வாதம் செய்துகொண்டிருந்தார்கள். “பிதா, குமாரன், ஆவின்னு மூணும் சொல்லிட்டு நாமம்னு ஒருமையில சொல்லியிருக்குதே, அது இன்னா நாமம்? அத சொல்லுங்க பிரதர்” என்று அவர். “கர்த்தரே தன் வாயால சொன்னத மாத்த நீங்க யாரு பிரதர்?” என்று இவர். வாயு லிங்கத்தைத் தாண்டியதும், வெறும் காலோடு நடந்த ஒரு அம்மா இவர்களைப் பார்த்து, “சாமி, இன்னும் எத்தன லிங்கம் இருக்குது?” என்று கேட்டாள். வாதத்தை நிறுத்தாமலே இருவரும் ஒரே குரலில் “ரெண்டு” என்றார்கள். பிரிந்த பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

உன் பெரிய மாமா குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் வழக்கம்போல மோர்ப்பானை வைத்து உட்கார்ந்திருந்தான். என் அண்ணனுக்கு நாங்கள் ஞானஸ்நானம் எடுத்ததிலேயே இன்னும் வருத்தம். இருவரையும் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல். “இன்னா மாப்ள, கடைசில நீங்களும் சுத்த வந்துட்டீங்களா? வந்ததுதான் வந்தீங்க, செருப்ப கழட்டிட்டு வரக்கூடாதா?” என்றான். சாமுவேல் அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் மோர் வாங்கிக் குடித்தார்கள். நான் பின்னால் நின்று, கர்த்தாவே இப்படியே விட்டுவிடும் என்று மனதுக்குள் ஜெபம் பண்ணினேன். ஆனால் மோரைக் குடித்துவிட்டு சாமுவேல் அண்ணன், “பிரதர், நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன். நீங்களும் சத்தியத்துக்கு வரணும்” என்றார். உன் அப்பாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. வேங்கிக்கால் திருப்பம் வந்தது. அங்கே ஒருவர் இடதுபக்கம் போனார், ஒருவர் வலதுபக்கம் போனார்.

உன் அப்பாவைப் பிடிவாதக்காரர் என்று நீ சொல்வது எனக்குத் தெரியும். பிடிவாதம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை, முப்பது வருஷமாக அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். ஆனால் அவருக்கு எங்கே வலிக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ ஞானஸ்நானம் எடுத்தபோது தொட்டியில் உன் வலது கையைப் பிடித்திருந்தவர் அவர். இடது கையைப் பிடித்திருந்தவர் சாமுவேல் அண்ணன். போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு, “அவனும்தானே புடிச்சான்? ரெண்டு பேரும் சேந்துதானே முக்கினோம்? இப்ப அது செல்லாதுன்னா, அன்னிக்கு நாங்க இன்னா பண்ணோம்? புள்ளைக்குத் தண்ணி ஊத்தி விளையாடினோமா?” என்றார். கண் கலங்கியிருந்தது. நீ சும்மா ஒரு தடவை முங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்கிறாயே, அது இந்த மனுஷனுக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பார்.

சாமுவேல் அண்ணனையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெயருக்காக இப்படியா என்று உன் மாமா கேட்கிறான், உன் ஆபீஸ் சிநேகிதர்களும் கேட்பார்கள். நீயும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டு சிரிக்காதே. உயிருக்கு உயிரான ஒருவரை விட்டுவிட்டு, தான் கைப்பட ஆணி அடித்துக் கூரை போட்ட சபையை விட்டுவிட்டு, டயர் நாற்றத்தில் உட்கார்ந்து ஒருவர் ஆராதிக்கிறார் என்றால் அது விளையாட்டில்லை. அது சத்தியம் என்று அவர் நம்புகிறார். உன் அப்பா இது சத்தியம் என்று நம்புகிறார். எனக்கா? எனக்கு இந்த இரண்டு வசனத்தையும் ஒன்றாக்கத் தெரியவில்லை. நான் நம் சபையிலேயே இருக்கிறேன், அங்கேதான் நான் இரட்சிக்கப்பட்டேன், அந்தச் சபையார்தான் என்னை அடக்கம் பண்ண வேண்டும். மிஷினில் உட்கார்ந்து தனியாக ஜெபிக்கும்போது “அப்பா” என்றும் வருகிறது, “இயேசுவே” என்றும் வருகிறது. கர்த்தர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஜெமிமா விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை ஸ்கூல் விட்டதும் இங்கே வந்தாள். டீச்சர் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ரவிக்கைத் துணி ஒன்று கையில் வைத்திருந்தாள், அளவு எடுக்கச் சொன்னாள். அவள் அளவு எனக்கு மனப்பாடம் என்று அவளுக்கும் தெரியும். நான் டேப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, “ஆன்ட்டி, அவரு முங்கறேன்னு சொல்றாரு” என்றாள்.

“உனக்கு சந்தோஷந்தானே?” என்று கேட்டேன். எனக்குள் கொஞ்சம் குத்தல் இருந்தது, மறைக்க மாட்டேன்.

“இல்ல ஆன்ட்டி” என்றாள். “நான் அப்பா சொன்னாருன்னு எடுக்கல. படிச்சி, ஜெபம் பண்ணி, நம்பித்தான் எடுத்தேன். அவரும் நம்பினா எடுக்கட்டும். எனக்காக எடுக்க வேணாம். எனக்காக முங்கினாருன்னா, அப்ப அந்தத் தண்ணியில அவரு யாருக்கு ஒப்புக்கொடுக்கறாரு? எனக்கா? எனக்கு பயமா இருக்குது ஆன்ட்டி. நாளைக்கு ஒரு சண்ட வந்தா, உனக்காகத்தானே முங்கினேன்னு சொல்லுவாரு. அத நான் தாங்க மாட்டேன்.”

“இத அவன்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். நம்பறேன் நம்பறேன்னு சிரிக்கிறாரு. அவரு சிரிக்கும்போது அது நெசமா இல்லியான்னு எனக்குத் தெரியல.”

அப்படியானால் கல்யாணம் என்னம்மா ஆகும் என்று கேட்டேன். அப்பாவிடம் தான் பேசுவதாகச் சொன்னாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அளவு எடுத்துட்டீங்களா?” என்றாள். நான் டேப்பை வைத்துவிட்டு அவளை அணைத்துக்கொண்டேன். தம்பி, நான் உனக்கு நல்ல பெண் வேண்டும் என்று எத்தனையோ நாள் ஜெபம் பண்ணியிருக்கிறேன். இவ்வளவு நல்ல பெண்ணாக இருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை, அதனால்தான் இப்போது எனக்கு இவ்வளவு கஷ்டம்.

மறுநாள் காலையில் நானே சாமுவேல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். “போ, போயி உம் புள்ளைய வித்துட்டு வா” என்றார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாமுவேல் அண்ணன் வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார். நான் உட்காராமலே கேட்டேன். “அண்ணே, எம் புள்ள உங்க பொண்ணுக்காகத் தண்ணியில இறங்கறேன்னு சொல்றான். உங்களுக்கு அது போதுமா?”

“இறங்கறது மட்டும் போதாதும்மா. தண்ணியில நிக்க வச்சி நான் கேப்பேன், முழு இருதயத்தோட விசுவாசிக்கிறியான்னு. ஆமான்னு சொன்னாத்தான் முக்குவேன்.”

“சொல்லுவான் அண்ணே. பொண்ணு வேணும்னு ஆமான்னு சொல்லுவான். அப்ப இன்னா பண்ணுவீங்க?”

அவர் சிரித்தார் தம்பி. கேலியாக இல்லை, எனக்குப் புத்தி சொல்வது போலவும் இல்லை, சந்தோஷமாகவே சிரித்தார். “சொல்ல மாட்டாம்மா. உனக்கு உம் புள்ளைய தெரியல. அவன் மொத வாட்டி தொட்டிக்கு வந்தத மறந்துட்டியா?” என்றார்.

நான் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். உனக்குப் பதினான்கு வயது. ஒரு விசுவாசியின் நிலத்தில் பம்புசெட் தொட்டி, கரையில் சபை முழுக்கப் பாடிக்கொண்டு நிற்கிறது. உன் வயசுப் பையன்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நின்று, ஒவ்வொருவராக இறங்கி, ஆமாம் என்று சொல்லி முங்கி எழுந்தார்கள். உன் முறை வந்தது. பாஸ்டர் கேட்டார். நீ தண்ணீரில் நின்றுகொண்டு உன் அப்பாவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பிறகு, “இன்னும் தெரியல பாஸ்டர்” என்றாய். பாட்டு நின்றுவிட்டது. மூப்பர் மகன் இப்படிச் சொல்லிவிட்டானே என்று எனக்கு அவமானமாகப் போயிற்று. நீ இடுப்புவரை நனைந்து, தலை நனையாமல் மேலே ஏறி வந்தாய். உன் அப்பா அன்று முழுக்க உன்னிடம் பேசவில்லை. அதற்கு அடுத்த வருஷம் நீயாக வந்து எனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டாய். அப்போதுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து உன்னை முழுக்கினார்கள்.

சாமுவேல் அண்ணன் அதைச் சொல்லிவிட்டு, “அன்னிக்கே நான் எம் மனசுல முடிவு பண்ணேன், இவன்தான் எம் மருமகன்னு. அத்தன பேர் முன்னால அப்பனுக்காகக்கூட பொய் சொல்லாதவன் எம் பொண்ணுகிட்ட பொய் சொல்ல மாட்டான். அவன் ஆமான்னு சொன்னா நான் அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன். அவன் இல்லன்னு சொன்னா, அப்ப நானும் ஜெமிமாவும் உக்காந்து ஜெபம் பண்ணி யோசிப்போம். எனக்கும் பொண்ணு முகத்த பாக்கணுமில்ல” என்றார். பிறகு நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் உள்ளே குரல் கொடுத்து டீ போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு, “அவன் அப்படியா சொன்னான்?” என்று மட்டும் கேட்டார். அவர் கல்யாணத்துக்கு வருவாரா, மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் வருவேன். டயர் கடை மாடியில் நடந்தாலும் வருவேன், தகர ஷெட்டில் நடந்தாலும் வருவேன். அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜெமிமா வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உனக்குப் போன் செய்வாள். ஒரே கேள்விதான் கேட்பாள், சிரிக்காமல் பதில் சொல். நீ உண்மையாகவே நம்பினால் போய் இறங்கு, கரையில் துண்டோடு நான் நிற்பேன், உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நம்பவில்லை என்றால் நம்பவில்லை என்று சொல். கல்யாணம் தள்ளிப்போகலாம். நின்றே போகலாம். அப்படி நின்றுபோனால் நீ உடைந்துபோவாய் என்று எனக்குத் தெரியும், நானும்தான் உடைந்துபோவேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ பொய்யாக ஆமாம் என்று சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும். சாமுவேல் அண்ணன் உன்னை நம்பி முழுக்குவார். அந்தப் பெண் உன்னை நம்பிக் கையைக் கொடுப்பாள். யாரும் எப்போதும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அவர்களை ஏமாற்றுவது உனக்கு அவ்வளவு சுலபம் தம்பி. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

அம்மா